இணைப்புச் சொற்கள் மட்டும் தெரிந்த சம்பந்தி

நான் தையல்காரி. துணி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், தைக்கத்தான் ஆள் வேண்டும். ஸ்பானிஷ் மொழியையும் அப்படித்தான் பிடித்தேன். இணைப்புச் சொற்களை முதலில் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். "அம்மா, முதல்ல தண்ணி, கதவுன்னு கத்துக்கோயேன்" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். நான் காதில் வாங்கவில்லை. 'பெரோ' என்றால் ஆனால், 'போர்கே' என்றால் ஏனென்றால், 'ஔங்கே' என்றால் இருந்தாலும், 'ஈ' என்றால் 'அதுவும் இதுவும்' என்கிறபோது வரும் உம். மெஷினை மிதித்துக்கொண்டே உருப்போட்டேன்.

மருமகளின் தாய்மொழி அது. அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனபோது மகனும் கூடவே போய்விட்டான். வெளியே நீல நாற்காலிகளில் நானும், முந்தின நாள்தான் விமானத்தில் வந்திறங்கிய சம்பந்தியம்மாவும். மொழிபெயர்க்க ஆளில்லை.

சம்பந்தியம்மா எழுந்துபோய்க் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். பேச ஆரம்பித்தார்.

'இஹா' என்றார். மகள் என்று அர்த்தம், ஃபோனில் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. உடனே 'பெரோ' வந்தது. மகள், ஆனால் என்ன? 'போர்கே' வந்தது. ஏனென்றால் என்ன? பொத்தானும் காஜாவும் கையில் இருக்கின்றன, சட்டையைக் காணோம்.

எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான். "ஈ?" என்றேன், அப்புறம் என்கிற தோரணையில்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி பேசினார், இந்த முறை கண்ணீரோடு. நான் விடுவதாயில்லை. அவர் நிறுத்தும்போதெல்லாம் "ஈ?" போட்டேன். உள்ளே என் மருமகளுக்கு என்னவோ ஆகிவிட்டது, இந்த அம்மா மென்று முழுங்குகிறார் என்று எரிச்சல்கூட வந்தது. கடைசியில் அவர் என் தோளில் சாய்ந்து விம்மினார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

கதவு திறந்தது. மகன் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"அம்மா, பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"டேய், பொய் சொல்லாத! அப்ப உன் மாமியார் இவ்வளவு நேரம் எதுக்கு அழுதாங்க?"

அவன் அவரிடம் கேட்டான். அவர் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"இவளுக்கு ஒரு அக்கா இருந்தாங்கம்மா. பிரசவத்துக்குப் போனவங்க திரும்பி வரலையாம். எனக்கே இப்பத்தான் தெரியும். அத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறந்ததில்ல, யாரும் கேட்டதும் இல்லையாம். நீதான் விடாம அப்புறம், அப்புறம்னு கேட்டியாம்."

புரிந்துதான் கேட்டேன் என்று அந்த அம்மா நம்புகிறார். உண்மையைச் சொல்லிவிடு என்று மகனைப் பார்த்தேன், சொல்லித் தொலைக்காதே என்றும் உடனே கண்ணைக் காட்டினேன்.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தாள். சம்பந்தியம்மா அதை வாங்கி, முதலில் என் மடியில் வைத்தார். நான் ஓவென்று அழுதேன். பேத்தியைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்து நர்ஸ் சிரித்தாள். பெயர்கூடத் தெரியாத அந்த மூத்தவளுக்காக நான் அழுதது சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.