பதினோரு வினாடி அசையாத நாய்

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு வாலக்கா என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் கேலி கிடையாது. அணிலோ குதிரையோ, எந்த வாலை அவள் கையில் கொடுத்தாலும் அதற்கு உயிர் வந்துவிடும். அனிமேஷனில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியபின், ஒரு முழுநீளப் படத்தின் கடைசிக் காட்சி அவளுக்குக் கிடைத்தது. இதற்காகத்தான் இத்தனை நாள் வால் வரைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

எஜமான் இனி வரமாட்டான் என்று ஒரு கிழட்டு நாய் வாசலில் நின்று புரிந்துகொள்ளும் பதினோரு வினாடி. வால் முதலில் வேகமாக ஆடும். அப்புறம் தயங்கும். கடைசியில் நுனி மட்டும் ஒரு தடவை துடித்து அடங்கும். இரண்டு மாதம் இழைத்து இழைத்துச் செய்தாள். வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது, டிரைவிங் ஸ்கூலில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்த அவள் கணவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம்பா அது," என்றான். அவளுக்கு அது போதும்போல இருந்தது.

கெட்டது ஃபைலுக்கு வைத்த பெயரால். 'ஃபைனல்' என்று ஒன்று, 'ஃபைனல் புதுசு' என்று ஒன்று, 'இதுதான் ஃபைனல்' என்று ஒன்று. அந்தத் தொழிலில் யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இந்த லட்சணம்தான். அவசரத்தில் அவள் அனுப்பியது முதலாவதை. நாய் எங்கே நிற்க வேண்டும் என்று இடம் பார்ப்பதற்காக வரைந்த ஒற்றைப் படம்தான் அதில் இருந்தது. வண்ணம் பூசுகிறவர்கள் பூசினார்கள். இசையமைப்பாளர் வயலினைப் போட்டு உருக்கினார். இயக்குநர் கேட்டிருப்பார் போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியாகப் போட்டுப் பார்த்தபோது, இயக்குநர் சரியாக அந்தக் காட்சிக்குப் போனில் இருந்தார்.

ரிலீஸ் அன்று தியேட்டரில்தான் அவள் பார்த்தாள். நாய் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எந்த ஃபைலை அனுப்பினோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலை இயக்குநர் ஸ்டூடியோவையே கிடுகிடுக்க வைத்தார்.

"யாரு பார்த்த வேலை இது? சாயங்காலத்துக்குள்ள அந்த ஆள் வெளியில போயிருக்கணும்!"

சொல்லிவிடலாம் என்று வாலக்கா எழுந்தேவிட்டாள். அதற்குள் தயாரிப்பு மேலாளர் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். முதல் விமர்சனம். 'அசையாமையின் பேரழகு. நாயோடு நம்மையும் அந்த வாசலில் நிறுத்திவிடும் துணிச்சல்.' இயக்குநர் இரண்டு தடவை படித்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஆளுக்காவது புரிஞ்சுதே," என்றார்.

அப்புறம் ஒரே பாராட்டு மழைதான். ஆடாத அந்த வால் நம் காலத்தின் மௌனம் என்றார் ஒருவர். இமைக்காத கண்ணைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார் இன்னொருவர். இமையை வாலக்கா அப்போது வரைந்திருக்கவே இல்லை.

சிறந்த அனிமேஷன் காட்சிக்கான விருதுப் பட்டியலில் அது வந்தது. அதற்காக நிரப்ப வந்த படிவத்தில், காட்சியை வரைந்த கலைஞர் பெயர் என்று ஒரு கட்டம். மேலாளர் தலையைச் சொறிந்தார்.

"அசையவே இல்லையே, இதுல யாரு பேரைப் போடறது? சார் பேரையே போட்டுடுவோம்."

வாலக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினாறு வருஷத்தில் ஒரு காகிதத்தில்கூட அவள் பெயர் தனியாக வந்ததில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். உண்மையான காட்சியைப் போட்டுக் காட்டினாள். அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது.

"அற்புதமா பண்ணியிருக்கேம்மா," என்றவர், பென் டிரைவைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். "இதை யாருக்கும் காட்டிடாதே. உன் பேரையே போடச் சொல்றேன்."

பெயருக்கு ஆசைப்பட்டுத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

விருது கிடைத்தது. "ஒண்ணும் பண்ணாதீங்கன்னு இவங்ககிட்ட சொன்னேன். பண்ணலை!" என்று இயக்குநர் மேடையில் சொல்ல, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

வீட்டில் கணவன் அதை டிவிக்கு மேலே வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தான். வந்த விமர்சனம் ஒன்றுவிடாமல் அவனுக்கு மனப்பாடம். அவளுக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து தன்னுடைய நாயை ஓடவிட்டாள். அதற்காக அழுத ஒரே ரசிகன் அவன்தானே.

அவன் முழுக்கப் பார்த்தான். கண்ணைத் துடைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்று இழுத்தான். "ஆனா வாலு கொஞ்சம் ஜாஸ்தியா ஆடற மாதிரி இல்ல?"

"அன்னைக்கு அழுதீங்களே!"

"அன்னைக்கு எனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காக இன்னொரு தடவை போட்டாள். அவன் காபி போட உள்ளே போனபின், தனக்காக ஒரு தடவை. நுனி துடிக்கும் இடம் வந்ததும் நிறுத்தினாள்.

இந்தத் துடிப்பு இல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அவளுக்கே பட்டது. அதை வரைய மட்டும் ஒன்பது நாள் ஆகியிருந்தது.