என் பெயருக்குள் போன பாலம்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, நான் உட்கார்ந்திருக்கும்போதே என் நாற்காலியைக் குவோ அண்ணன் கணினியிலிருந்து இரண்டடி பின்னால் இழுத்தார்.

"தாயே, எந்திரி. இனிமே அந்த மவுஸைத் தொடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று நின்றது. கோப்பு சேதமடைந்துள்ளது, திறக்க இயலாது. செங்குங் பாலத்தின் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரே கோப்பில்தான் இருந்தது. பாலம், இரு கரைத் தடுப்புச் சுவர்கள், மழைநீர் வாய்க்கால் என்று நாற்பத்தாறு தாள் வரைபடம். மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வாங்க மாட்டார்கள்.

இப்படி ஆவது மூன்றாவது தடவை. நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்து வாய்க்கால் கோப்பு போனது. அடுத்து ஒரு வாகன நிறுத்தம். மூன்றிலும் கடைசியாகத் திருத்திச் சேமித்தது நான்தான். எட்டுப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று முறையும் ஒருத்தி கையிலேயே உடைந்தால் என்ன சொல்வார்கள்? வாசல் மேசையிலிருந்து பாய் அக்கா சொன்னாள்.

"கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. சிலருக்கு அமையாது. பாவம், அது என்ன பண்ணும்."

அந்தப் 'பாவம்'தான் எனக்கு எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதலாளி லியாவ் தன் அறையிலிருந்து வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். "வான்ரூ, தப்பா எடுத்துக்காத. திங்கக்கிழமை நாம கொஞ்சம் உக்காந்து பேசுவோம்" என்றார். திங்களோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

குவோ அண்ணன் மென்பொருளின் மீட்புக் கட்டளையை நாலு முறை ஓட்டினார். நாலு முறையும் வெறும் கறுப்புத் திரைதான் வந்தது. சேமிப்பகத்தில் செவ்வாய்க்கிழமைப் பிரதி இருந்தது. ஆனால் செவ்வாய்க்குப் பிறகுதான் ஓடை மேல்கரையை அரித்துவிட்டது என்று புது அளவை வந்தது. மேல்கரைச் சுவரை நான் அடித்தளத்திலிருந்து மாற்றி வரைந்திருந்தேன். அந்த இரண்டு நாள் உழைப்பை மாலைக்குள் மறுபடி செய்வதாக அவர் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு வேகமாகத்தான் வரைந்தார். ஆனாலும் பதினொன்றரைக்குச் சுவரின் முதல் வெட்டுத்தோற்றமே முடிந்தபாடில்லை.

நடுவில் எழுந்து, சேமிப்பக அலமாரிமேல் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். இயந்திரங்கள் சமர்த்தாக இருக்கட்டும் என்று இங்கே எல்லா அலுவலகத்திலும் வைப்பதுதான். "அடப்பாவிங்களா! போன மாசமே காலாவதி! யாரும் பாக்கலையா?" கத்திக்கொண்டே எதிர்க் கடைக்கு ஓடினார். பி.எச்டி. முடித்தவர் அவர்.

நான் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பெட்டிக்குள் பன்றித் தொடை வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. செத்ததோ செத்துவிட்டது, அறுத்தாவது பார்ப்போமே என்று உடைந்த கோப்பின் பிரதியை எடுத்து, நிரல் எழுதுபவர்கள் வைத்திருக்கும் சாதாரணப் பதிப்பானில் திறந்தேன். எங்கள் எழுத்துமுறையைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டேன். சீன எழுத்துகள் எல்லாம் கோணல்மாணல் குறிகளாக விழுந்தன. மூடிவிட்டுச் சரியாகத் திறக்கலாம் என்று கையெடுத்தபோதுதான் நிறத்தைக் கவனித்தேன்.

மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அந்தப் பதிப்பான் பச்சையாகக் காட்டும். ஒரு பெயர், பச்சை. பிறகு எண்கள், கறுப்பு. அப்படித்தான் வரிவரியாகப் போனது. நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் பிறகு வெறும் எண்கள்தான், ஆனால் எல்லாமே பச்சை. பாலம் பச்சை, சுவர் பச்சை, கடைசி வரிவரை பச்சை. எங்கோ திறந்த மேற்கோள் மூடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு திருத்தப் பட்டியலின் வரி. திருத்தியவர் என்ற இடத்தில் குடும்பப் பெயரை மட்டும் ஓரெழுத்தில் போடுவது இந்த அலுவலக வழக்கம். நான் போட்டது 'சூ'. இங்கே அது ஒரு கோணல் குறியும் ஒரு சாய்கோடுமாக உடைந்து கிடந்தது.

சாய்கோடு! நான் எங்கே சாய்கோடு போட்டேன்?

போடவில்லை. என் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. இந்தக் காலத்து மென்பொருளுக்கு இந்தத் தகராறு கிடையாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் இருப்பது அதரப்பழசு. எங்கள் எழுத்து ஒவ்வொன்றையும் அது இரண்டு எண்களாக உடைத்து வைக்கும். 'சூ'வின் இரண்டாவது எண்ணும் சாய்கோட்டின் எண்ணும் ஒன்றே. சாய்கோட்டைப் பார்த்தால், அடுத்து வரும் குறியைக் கண்டுகொள்ளாதே என்று இந்த மென்பொருளுக்குப் பொருள். அடுத்து வந்தது என் பெயரை மூடும் மேற்கோள். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் என் பெயர் முடியவே இல்லை. பாலம், ஓடை, இரண்டு கரை எல்லாம் என் பெயருக்குள் போய்விட்டன.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாய் அக்கா திரும்பிப் பார்த்தாள், முத்திப்போச்சு என்கிற முகத்தோடு.

என் பெயருக்குப் பின்னால் இன்னொரு சாய்கோடு போட்டேன். இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். அடுத்த நொடி பக்கம் முழுவதும் கறுப்புக்குத் திரும்பியது. சேமித்து, பொது இடத்தில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"குவோண்ணே, இப்பத் திறங்க."

திறந்தார். மேல்கரைச் சுவர் ஒரு கம்பிகூடக் குறையாமல் வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். பிறகு கையை உயர்த்தினார்.

"பாத்தீங்களா! புதுப் பொட்டலம் வச்சு முழுசா ஒரு மணி நேரம் ஆகல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். பாதி கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பேரு கோப்பை உடைக்குமா? போம்மா. வாஸ்துக்காரன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்." சத்தம் கேட்டு முதலாளியும் வந்து நின்றார்.

ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த இரண்டு எண்கள் என்று காட்டும் எழுத்தட்டவணையைத் திறந்தேன். சாய்கோட்டில் முடியும் எழுத்து என்னுடையது மட்டுமா என்று பார்த்தேன். இன்னும் பல இருந்தன. ஒன்றைப் பார்த்ததும் முதலாளி பக்கம் திரும்பினேன்.

"முதலாளி, நீங்களே உக்காருங்க. புதுசா ஒரு வெத்துக் கோப்பு எடுங்க. பேர் இருக்குற இடத்துல பாலத்தோட பேரைப் போடுங்க. 'பாலம்' வேண்டாம். வெறும் செங்குங்."

செங்குங் என்றால் வெற்றி. எங்கள் தீவில் அந்தப் பெயரில்லாத ஊர் ஏது? லியாவ் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். சேமித்தார். மூடினார். திறந்தார்.

சாம்பல் நிறப் பெட்டி.

மறுபடி செய்தார். மறுபடி பெட்டி. "குவோ, நீ பண்ணு" என்றார். குவோ அண்ணன் தன் கணினியில், தன் கையால் தட்டினார். அங்கேயும் அதே பெட்டி. செங்குங்கின் கடைசி எழுத்தும் என் 'சூ'வைப் போலவே சாய்கோட்டில்தான் முடிகிறது. பின்னால் 'பாலம்' என்று எப்போதும் எழுதி வந்ததால் மட்டுமே இத்தனை நாள் பிழைத்திருக்கிறோம்.

"உங்க கைராசி எப்படிண்ணே?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாய் அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். "வெற்றின்னு எழுதினா செத்துப்போற மென்பொருளா! இத்தனை வருஷம் இதை வச்சா குப்பை கொட்டினோம்?" குவோ அண்ணன் காதெல்லாம் சிவந்துபோய் என்னைப் பார்த்தார். "பழைய கோப்பு ரெண்டும் அப்ப..." என்று இழுத்தார். அவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு சாய்கோடு. இரண்டும் எழுந்து உட்கார்ந்தன. அப்போதுதான் எனக்குப் பசித்தது. ஆறிப்போன தொடைக் கறியை நின்றபடியே தின்று தீர்த்தேன். அவ்வளவு ருசியாக இந்த அலுவலகத்தில் நான் சாப்பிட்டதே இல்லை.

மூன்றரைக்கு நாற்பத்தாறு தாளும் அச்சாகி, சூடு ஆறாமல் பெரிய மேசைக்கு வந்தன. சரிபார்த்தவர் கட்டத்தில் முத்திரை விழவேண்டும். வழக்கமாகக் குவோ அண்ணன்தான் வைப்பார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லியாவ் சிவப்பு மைப்பெட்டியை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"உன் முத்திரை கையில இருக்கா?"

கையெழுத்துக்குப் பதிலாக இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். மையில் ஒற்றி, முதல் தாளில் அழுத்தினேன். என் முழுப்பெயர், சிவப்பாக, 'சூ' முதலில். அடுத்த தாள், அடுத்த தாள் என்று வைத்துக்கொண்டே போனேன்.

"திங்கக்கிழமை என்னமோ பேசணும்னீங்களே, முதலாளி?"

பதில் சொல்ல அவருக்கு வாய் ஒழியவில்லை. மை அடுத்த தாளில் ஒட்டிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு தாளாகக் கையில் தூக்கி, கன்னம் இரண்டும் உப்ப என் பெயர்மேல் ஊதிக்கொண்டிருந்தார்.