தந்தை விடவில்லை

பந்துத் தொழிற்சாலையின் தலைவர் தன் வாழ்க்கையைப் படமாக எடுக்கச் சொன்னபோது அது பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தப் பதினெட்டில் பதினாறு நிமிடம் தன் முகமே இருந்ததால் மனசைத் தேற்றிக்கொண்டார்.

படத்துக்கு ஒலி சேர்த்துக் கொடுத்தவளைப் பாம்புக்காது என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, ஒலிக்கூடத்தில் வைத்தது. பாம்புக்குக் காதே கிடையாது என்று அவளுக்கும் தெரியும். பாராட்டுகிறவர்களிடம் போய் விலங்கியல் பேசுவானேன் என்று விட்டுவிட்டாள். அண்ணன் நடத்தும் ஒலிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பேசுகிறவர் எச்சில் விழுங்கினால் அது எந்த எழுத்துக்கு முன்னால் என்று சொல்லிவிடுவாள்.

வம்பு ஒரே ஒரு சொல்லில் வந்தது. படப்பிடிப்பில் தலைவர் கேமராவை உற்றுப் பார்த்து, "ஓடி ஓடி உழைத்தேன். கந்தை விடவில்லை" என்று உருகியிருந்தார். அவர் பிறந்ததே அப்பா கட்டிய தொழிற்சாலையின் மாடி வீட்டில். கந்தை என்பதை அவர் பார்த்திருந்தால் அது இயந்திரம் துடைக்கிற கந்தையாகத்தான் இருக்கும். இருந்தாலும் வறுமையிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறதே.

படத்தைப் பார்த்த மொழி ஆலோசகர் முகம் சுளித்தார். இவர் மூன்று பட்டம் வாங்கியவர். மூன்றையும் பெயரோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். பந்து செய்யும் நிறுவனத்தின் தலைவர் வாயில் கந்தை வரலாமா, பந்து வரட்டும், "பந்தை விடவில்லை" என்றால் விடாமுயற்சியும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு என்றார். மறுபடி படம் பிடிக்கத் தலைவருக்கு நேரமில்லை. ஒலிக்கூடத்துக்கு வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். பாம்புக்காது கந்தையை வெட்டி எடுத்துப் பந்தை ஒட்டினாள். கடைசியாக ஒருமுறை படத்தை முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாள். பின்னணியில் ஒரு மின்விசிறியின் முனகல் அவளை வாட்டிக்கொண்டிருந்தது. கண் படத்தில், கவனமெல்லாம் விசிறியில். பந்து பந்தாகவே கேட்டது. அனுப்பிவிட்டாள்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அறுநூறு பேர் முன்னால் படம் ஓடியது. திரையில் தலைவர் கண் கலங்க, "ஓடி ஓடி உழைத்தேன். தந்தை விடவில்லை" என்றார்.

அப்பாவின் காசில் உட்கார்ந்திருப்பவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கூடம் முழுக்கச் சிரிப்பு. பந்து தைக்கும் பெண்கள் வரிசையில் ஒருத்திக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாளே ஆலோசகரிடமிருந்து பதினோரு பக்க அறிக்கை. ஒலிப்பதிவாளர் எங்கிருந்தோ ஒரு 'த'வை வெட்டிவந்து, திட்டமிட்டு, தலைவரை அவமதிக்கும் நோக்கத்தோடு ஒட்டியிருக்கிறார் என்று அதில் கண்டிருந்தது. கூடவே ஒரு கடிதம். 'வேண்டுமென்றே செய்தேன், மன்னிக்கவும், இனி இந்தத் தொழிலில் இருக்கமாட்டேன்.' கீழே அவள் கையெழுத்துப் போட இடம். அவள்தான் செய்தாள் என்று தொழிற்சாலை நோட்டீஸ் போர்டிலும் அன்றே ஒட்டிவிட்டார்கள்.

அண்ணன் அதை அவள் மேசையில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போட்டுத் தொலையேன். ஒரு கையெழுத்துல கையா தேஞ்சுடும்?"

"கை தேயாதுண்ணே. இருபத்திரண்டு வருஷம் தேஞ்சுடும். இதுல போட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஹெட்போன் மாட்டறது?"

நாளைக் காலை பத்து மணிக்குத் தலைவர் அறைக்கு வந்து கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு. அதுவரை அவளிடம் இருந்தது ஒரு சாயங்காலம்தான்.

அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தாள். தந்தை. ஒலியின் அலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பந்தை. மறுபடி தலைவர் முகத்தைப் பார்த்தாள். தந்தை. கண்ணை மூடினாள். பந்தை. பேயடித்தது போல உட்கார்ந்திருந்தபோது புருஷனிடமிருந்து போன். குக்கர் மூடியின் ரப்பர் வளையம் எங்கே என்று கேட்டான். அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறை என்றாள். எந்த இழுப்பறை என்றான். இருப்பதே ஒன்றுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டே தலைவரின் வாயை வெறித்துக்கொண்டிருந்தாள். படம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கண் அந்த வாய் மேல்தான், ஆனாலும் காதில் தெளிவாக விழுந்தது: பந்தை.

போனை வைத்ததும் தந்தை திரும்பி வந்துவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விசிறியோடு மல்லுக்கட்டிய அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கிறது.

பத்து மணிக்குத் தலைவர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். தலைவர், ஆலோசகர், நிர்வாகத்தில் பாதியைக் கையில் வைத்திருக்கும் தலைவரின் மனைவி, சுவரோடு சுவராக அண்ணன். கடிதத்தின் மேல் பேனா தயாராக இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் வேண்டும் என்று பாம்புக்காது கேட்டாள். ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரின் மனைவி சரி என்றார்.

பெரிய திரையில் அந்த இடத்தை ஓட்டினாள். எல்லாருக்கும் தந்தை. அதற்கென்ன, ஊரே கேட்டதுதானே என்றார் ஆலோசகர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றாள். ஆலோசகர் மூடவில்லை. தலைவரின் மனைவி மூடினார். ஒலி ஓடியது. அவர் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார்.

"கண்ண மூடிக்கிட்டா நீங்க நல்லாத்தான் பேசறீங்க."

தலைவருக்கு அது பாராட்டா என்று புரியவில்லை. அவரும் மூடிக் கேட்டார். பந்தை. அவர் குரலேதான்.

ஆலோசகர் அசருகிற ஆளில்லை. கண்ணை மூடினால் கவனம் சிதறும், காது ஏமாறும், மூன்று துறைகளில் ஆய்வு செய்தவன் நான் என்று ஆரம்பித்தார்.

"ஐயா சொல்றதும் சரிதான்," என்றாள் பாம்புக்காது. "அப்ப கண்ணத் திறந்தே பாருங்க. தலைவர் முகத்தை விட்டுப் பார்வை நகரக் கூடாது. அவருக்குப் பின்னால பந்து தைக்கிறாங்களே, ஊசிய எத்தன தடவ இழுக்கறாங்கன்னு மட்டும் ஓரக்கண்ணால எண்ணிச் சொல்லுங்க. தப்பில்லாம எண்ண உங்கள மாதிரி ஒருத்தராலதான் முடியும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஆலோசகர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எல்லாருக்கும் இது பலிக்கும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. நேற்று அண்ணனிடம் சோதித்தபோது மூன்றில் ஒரு தடவை தந்தை வந்துவிட்டார். படத்தை ஓடவிட்டாள். ஆலோசகரின் உதடு எண்களை முணுமுணுத்தது.

"ஒன்பது," என்றார் வெற்றியோடு.

"தலைவர் என்ன விடலையாம்?"

"பந்தை."

தன் வாயிலிருந்து விழுந்ததை ஆலோசகர் மெதுவாகத்தான் உணர்ந்தார். பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்க அண்ணன் சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

எப்படி இது என்று தலைவர் கேட்டார். உழைத்தேன், பிழைத்தேன் என்றெல்லாம் இல்லாமல் அவர் சாதாரணமாகப் பேசியது அன்று அதுதான் முதல்முறை.

"உதட்ட மூடாம 'ப' வராதுங்க. ஆனா படத்துல உங்க உதடு மூடவே இல்ல. நீங்க அன்னிக்குச் சொன்னது கந்தை. கண்ணு ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. மூளை ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்துப் பண்ணி ஒரு 'த'வக் குடுத்து சமாதானமாக்கிடுது. அது வேற எதுலயாவது பராக்குப் பாத்துட்டிருந்தா பஞ்சாயத்தும் கிடையாது. காதுல விழுந்தது விழுந்தபடி நிக்கும். அன்னிக்கு நான் விசிறிச் சத்தத்தையே தொரத்திட்டிருந்தேன், அதனால எனக்குத் தெரியல. அறுநூறு பேரும் உங்க முகத்தையே ஆசையாப் பாத்தாங்க. அதான் வினை."

ஆக, அந்த 'த'வை யாரும் எங்கிருந்தும் வெட்டிக் கொண்டுவரவில்லை. கந்தையைத் தூக்கச் சொன்னவரே கொண்டுவந்திருக்கிறார் என்று தலைவரின் மனைவி கணக்காகச் சொல்லி முடித்தார். பதினோரு பக்க அறிக்கை ஆலோசகரின் மடிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது.

கடிதத்தைக் கிழித்துவிடலாம், நடந்ததை மறந்துவிடலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். அண்ணன் கும்பிடவே தயாராகிவிட்டார்.

"சிரிச்சது அறுநூறு பேர். நான்தான் செஞ்சேன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினதையும் அறுநூறு பேர் படிச்சாங்க," என்றாள் அவள். "அவங்க முன்னாடியே சொல்லிடுங்க. நீங்களே, உங்க குரல்லயே."

தலைவர் மனைவியைப் பார்த்தார். அங்கே உதவி ஏதும் கிடைக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மைக் வைத்தார்கள். ஒலிக் கருவிக்குப் பின்னால் பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவர் தாளைப் பிரித்தார். ஒலிப்பதிவாளர் மீது எந்தப் பிழையும் இல்லை என்பதை நன்றாகவே வாசித்தார். 'தவறு எங்களுடையது' என்ற இடம் வந்ததும் குரல் தொண்டைக்குள் இறங்கிக் காணாமல் போனது.

கூடம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கணும் ஐயா. கடைசி வரி பதிவாகல. இன்னொரு டேக் போயிடலாம்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்து எழுத்தாக, மறுபடி சொன்னார்.