சுத்தம்

1
பலருக்குக் கதை நெஞ்சில் பிறக்கும். எனக்கும் நெஞ்சில்தான்; நுரையீரலுக்குப் பக்கத்தில், நிணநீரை வடிகட்டும் ஒரு நெறிக்கட்டியில். நுரையீரலில் புற்று பிடித்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். கூடவே எடுத்த நெறிக்கட்டிகளைச் சோதித்து, 'பரவவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: "மருத்துவமனை வராந்தாவில் அன்று வெயில்..."

(வேண்டாம். என் கதைகளில் வெயில் அடித்தே தீரும் என்று மகள் கிண்டல் செய்வாள்.)

இரண்டாவது: "என் மகள் ஒரு..."

ஆமாம், அவளைத்தான் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர். பள்ளிக்கூடம் போகும்போதே, நான் 'பிழையில்லை' என்று மூடி வைத்த அச்சுப்படியில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைப் பிடித்துவிடுவாள். அப்போது எனக்கு எரிச்சல். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

"ஒரு நெறிக்கட்டிக்கு மெல்லிசா ஒரு சீவல் பாத்தா போதும்னுதான் வழக்கம்ப்பா. எனக்குத்தான் மனசு கேக்கல. எடுத்து வச்ச உங்க கட்டிகளையே இன்னும் ஆழமா சீவச் சொல்லியிருக்கேன்," என்றாள்.

3
புதிய சீவல்கள் வந்தன. புற்றுச் செல் ஒளிந்திருந்தால் பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஏற்றியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் நான். நெடுநேரம் குனிந்திருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "சுத்தம்."

போன உயிர் திரும்பி வந்தது. கதைக்குக் கடைசி வரி கிடைத்துவிட்டது என்று பேனாவைத் தேடினேன். (புத்தி எங்கே போகும்.)

"அப்பா, நான் அந்த சுத்தத்த சொல்லல."

(காரியம் கெட்டுப்போனால் தலையில் கைவைத்துச் சொல்வோமே, அந்தச் சுத்தம்.)

எனக்கும் காட்டினாள். நீலப் பரப்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சின்னக் கும்பல். அவளுடைய மூத்த டாக்டரும் பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

4
இந்த இடத்தில் "மகள் கதறி அழுதாள்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டாள்.

"நான் எங்க அழுதேன்? மாட்டிக்கிச்சேன்னு சந்தோஷப்பட்டேன். தெரியாம விட்டிருந்தா அது பாட்டுக்கு வளந்திருக்கும். இப்ப மருந்து குடுக்கலாம்ல?"

"கொஞ்சம்கூடவா அழல?"

"அது கதைக்கு வேண்டாம்."

எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் பெருமை அதைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

5
மருந்து முடிந்துவிட்டது. நாளை மறுபடி ஸ்கேன். முடிவை வாங்கிப் படித்துவிட்டு அவள் என்ன சொல்வாள் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். எந்தக் குரலில் என்பது உங்கள் பாடு. கண்டுபிடித்தவள் என் மகள் என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

"சுத்தம்ப்பா."