சுண்ணாம்புக் கூரை

எழுத்தாளர் நாகலிங்கம் குடியை விட்ட மறுநாள், 1986 வைகாசியில், நீர்வேலியில் அவருடைய வீட்டின்மேல் மட்டும் கள் மழை பெய்யத் தொடங்கியது. பக்கத்து வேலி நனையவில்லை. முற்றத்து வாழைகள் வெறியில் ஒருபக்கமாகச் சாய்ந்தன. ஊர் செம்போடும் வாளியோடும் வந்து வரிசையில் நின்றது. சும்மா கிடைத்தால் விடுவார்களா?

குடிக்காமல் அந்த மனுசன் ஒரு வரி எழுதமாட்டார் என்று கள்ளுத் தவறணைச் சிநேகிதர்கள் பந்தயம் கட்டினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. போத்தலைப் பக்கத்தில் வைத்துத்தான் அவர் எழுதிவந்தார். போத்தல் முடிவதற்குள் கதையையும் முடிக்கவேண்டியிருந்ததால் பாத்திரங்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் அவசரமாகச் செத்துப்போவார்கள். வாசகர்கள் அதைச் சோகம் என்று புகழ்ந்தார்கள். இப்போதோ ஓட்டு இடுக்கால் கள் ஒழுகி வெள்ளைத்தாளில் விழ, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மாதக்கணக்காக ஒரு சொல்லும் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று மனைவி பராசக்தி அழுதாள். போனால் மழை வென்றதாகிவிடும் என்று அவர் அசையவில்லை.

பிறகு கள்ளுச் சீவும் தம்பிஐயாவைக் கூப்பிட்டு, கூரை முழுக்கச் சுண்ணாம்பு பூசவேண்டும் என்றார். மண்முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பனையில் இறங்குவது புளிக்காமல் இனிப்பான கருப்பநீராக நிற்கும் என்பது ஊரறிந்த தொழில். தம்பிஐயா தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, புளிச்ச கள்ளைச் சுண்ணாம்பு திருத்தாது."

"என்னையும் திருத்தேலாது எண்டுதான் சொன்னவை. நீங்கள் பூசுங்கோ."

பூசினார்கள். ஓட்டில் கள்ளாக விழுந்தது கூரைத் தண்ணீர் வடியும் பீலியால் கருப்பநீராக இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் திட்டிக்கொண்டு போனார்கள். பராசக்தி அதைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கினாள். பொருளாதாரத் தடை வந்து சீனி காணாமல் போன வருடங்களில் ஊர் அதைக் கடித்துத்தான் தேத்தண்ணி குடித்தது. நாகலிங்கம் எழுதத் தொடங்கினார். வெளியே ஷெல் விழுந்து சனம் செத்தது. அவருடைய புதுக் கதைகளில் ஒருவரும் சாகவில்லை. சண்டை பிடித்தார்கள், கலியாணம் கட்டினார்கள், கிழடானார்கள். நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். செத்தவர்களைப் பேப்பர் எழுதும், இருக்கிறவர்களை எழுத ஒருவன் வேண்டாமா என்று அவர் பதில் போட்டார். சரியான பதில்தான்.

1995 ஐப்பசியில் ஆமி முன்னேறி வர வலிகாமம் முழுதும் எழும்பி நடந்தபோது, அவர் முடியாத கதையையும் ஒரு பேணி சுண்ணாம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினார்கள். அந்த வகுப்பறையின்மேல் மட்டும் கள் பெய்யத் தொடங்கியது. வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வாய் குடிக்க நியாயம் இருந்தது, நாகலிங்கத்துக்கும் இருந்தது. அவர் பேணியைத் திறந்து, வாளிக்குள் சுண்ணாம்பு தடவி வாசலில் வைத்தார். பிள்ளைகள் கருப்பநீருக்குக் கோப்பைகளோடு வரிசையில் வந்து நின்றார்கள். அவர் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து எழுதினார்.