மாரியாயி யார் மேல் வருவாள்

"கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு கண்ணு. மேளச் சத்தம் கேட்டா காதப் பொத்திக்க," என்றாள் மாதம்மாள், மருமகளின் முகத்தைப் பார்க்காமல். "புருசன் செத்து வருசம் திரும்பாதவ மாரியாயி முன்னால நிக்கப்படாதாம். நானா வெச்சேன் இந்தச் சட்டத்த?"

தேவகுமாரி கதவைச் சாத்திக்கொண்டாள். மலையில் தலைச்சோலைக்கு மேலே இருக்கும் அந்தச் சிற்றூரில் பத்து வருசமாக மாரியாயி இறங்கியது அவள் புருஷன் ஜீவானந்தத்தின் மேல்தான். ஆடி ஓய்ந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் அவள். மாட்டைக் காணோம் என்றாலும், மகளுக்கு வரன் அமையவில்லை என்றாலும் ஊரே அவன் காலில் விழும். தை மாசம் எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போனவன், அலுமினிய ஏணி கரண்டுக் கம்பியில் பட்டுச் செத்துப்போனான். பாழாய்ப்போன சாமி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ!

இனி சாமி யார் மேல் வரும் என்பதுதான் ஊரில் பேச்சு. வருகிறவனுக்குக் கோயிலில் முதல் மரியாதை. கொழுந்தன் ராஜ்குமார் காலையிலேயே மஞ்சள் வேட்டியும் சலங்கையுமாகத் தயார். அப்புறம் மாரியாயி வராமல் என்ன செய்வாள், பாவம்!

தேவகுமாரிக்கு மரியாதை ஒன்றும் வேண்டாம். புருஷன் ஆடிய இடத்தை ஒரு தரம் பார்த்து வாய்விட்டு அழ வேண்டும், அவ்வளவுதான். செத்த அன்றிலிருந்து எல்லாரும் அவளை அடக்கிக்கொள்ளத்தான் சொன்னார்கள். அவளும் நெஞ்சு வெடிக்க அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மேளம் முழங்கியது. மெல்ல மெல்ல அடி மாறியது. அந்த அடிக்குத்தான் அவன் உடம்பு எடுத்த எடுப்பில் உதறும். இப்போது அவள் தோள் உதறியது. கதவை எப்படித் திறந்தாள், கோயிலுக்கு எப்படி ஓடினாள், அவளுக்கே தெரியாது.

கூட்டம் விலகி வழிவிட்டது. "தாயே!" என்று நாலு பேர் விழுந்தே கும்பிட்டார்கள். விரிந்த கூந்தல் விலகி முகம் தெரிந்ததும் கும்பிட்ட கைகள் கீழே இறங்கின.

"அட, நம்ம தேவகுமாரி! தாலியறுத்தவ மேல சாமி வருமா?"

"சாமியில்லீங்க, பேயி," என்றார் பூசாரி ஐயாக்கண்ணு. "அல்பாயுசுல போனானில்ல, அவன்தான் வந்து புடிச்சிருக்கான்." அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துப் புளிய விளாறால் முதுகில் வீசினார். "போறேன்னு சொல்லு! சொன்னா உட்டுர்றேன்!"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது அவர் கட்சி. அண்ணன் பெண்டாட்டி அடிபடுவதை ராஜ்குமாரும் சலங்கை கட்டிய காலோடு பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

மாதம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தப் பேச்சை அவளும் நம்பிவிட்டாள். மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "ஜீவா, நொம்ப வலிக்குதா சாமி? போறேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. எங்கிருந்தாலும் நல்லா இரு."

முதல் அடியிலேயே தேவகுமாரியின் உடம்பு அடங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தன் வாயாலேயே அவனைத் துரத்துவதா? அதுவும் அவனைக் கும்பிட்ட இதே ஊர் பார்க்க?

அவள் மாமியாரின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு நிதானமாகத் திரும்பினாள்.

"ஏனுங்க பூசாரி, இந்த எடத்துல என்ற ஊட்டுக்காரரு ஆடறப்ப நீங்கதான மொதல்ல கால்ல உழுவீங்க? அன்னிக்கு வந்தது பேயின்னா எதுக்குங்க கும்புட்டீங்க? சாமின்னா, இன்னிக்கு எதுக்குங்க அடிக்கறீங்க?"

மேளம் நின்றது. ஐயாக்கண்ணு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பாத்தீங்களா, பேயி என்னமா நாயம் பேசுதுன்னு!"

விளாறு மறுபடி உயர்ந்தது.