மூன்று சும்மாக் குச்சிகள்

பகல்கனவு காண பாலத்தைத் தாங்கும் ட்ரஸ் சட்டகத்தைவிட நல்ல இடம் மீனுவுக்கு அமையவில்லை. காகிதத்தில் முக்கோணம் முக்கோணமாக அந்தச் சட்டகத்தை வரைந்த கையோடு, உள்ளே இறங்கி உலாவப் போய்விடுவாள். இழுபடும் குச்சிகளில் தண்ணீர் ஓடும். அமுங்கும் குச்சிகள் தொட்டால் சுடும். இப்படி உலாவியே கல்லூரித் தேர்வுகளையெல்லாம் கோட்டைவிட்ட மகராசி அவள். வலியசாலை அக்ரஹாரத்து வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி இன்ஜினியர் என்றே பெயர்.

இந்த முறை தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. இருவர் இருவராக ஐஸ் குச்சியில் பாலம் செய்ய வேண்டும். கணக்கு மீனுவுக்கு, ஒட்டுவது அவள் ஜோடி ஜெபமலருக்கு, மதிப்பெண் தனித்தனி. தேறாதவர் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான். டைஃபாய்டில் படுத்து டெஸ்டுகளைத் தவறவிட்ட ஜெபமலருக்கும் அதே கதி.

சோதனை நாளில் மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் பாலத்தை மடியில் வைத்தபடி மீனு அதற்குள் நடந்துகொண்டிருந்தாள். நடுவே செங்குத்தாக நின்ற மூன்று குச்சிகளில் தண்ணீரும் இல்லை, சூடும் இல்லை. கணக்கிலும் அவற்றுக்குப் பூஜ்யம்தான். எடை குறைந்தால் மதிப்பெண் போடும் லீலாபாய் மேடம் மெச்சுவார்.

"இந்த மூணும் சும்மாதான்டி. எடுத்துடலாம்."

"சும்மா நிக்கட்டுமே. அது உனக்க சோத்தையா திங்குது?" என்றுவிட்டு ஜெபமலர் கை கழுவப் போனாள்.

அவள் திரும்புவதற்குள் மீனு மூன்றையும் அறுத்துவிட்டாள். அதற்குள் லீலாபாய் மேடமும் கூப்பிட்டுவிட்டார்.

பாலத்தில் வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டினார்கள். மேலே இருந்த நீளக் குச்சி, தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல மெல்ல வளைந்து ஒடிந்தது.

"மீனுவிட கணக்கு சரியாணு, முழு மார்க்கு. பாலம் நின்னில்ல. ஜெபமலரே, ஒட்டினது போரா, கேட்டோ." ஒட்டியது போதாது என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி, மேடம் ஜெபமலருக்குத் தேறாத மதிப்பெண் போட்டார்.

ஜெபமலர் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். மீனுவுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் முழு மதிப்பெண். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், வீட்டில் பாயசம் வைப்பார்கள். அப்படி நினைத்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மேடம், ஒட்டினது ஒண்ணுகூட விடலை, பாருங்கோ. நடுவுல இருந்த மூணையும் நான்தான் அறுத்தேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

"கணக்கில அதுக்கு ஜீரோ அல்லே? எடுத்தா எந்தா?"

"பாரம் சுமக்கலைதான். மேல் குச்சி வளையாம பிடிச்சுண்டிருந்தது. நான் அதைக் கணக்குல சேக்கலை."

"அப்போ கணக்கு பாதியே ஆயுள்ளு, முழுசாகலை," என்றார் மேடம். இரண்டு மதிப்பெண்களையும் அடித்துத் திருத்தினார். ஜெபமலர் தேறினாள். மீனு தேறவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் ஜெபமலர் அவள் கையைப் பிடித்தாள். "கிறுக்கி, இனி நீ என்ன செய்வ?"

"அடுத்த வருஷம் நீ சீனியர், உன்னை சேச்சின்னு கூப்பிடணும், வேறென்ன," என்று மீனு சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.